‘நீட் இல்லாத டாக்டர் படிப்பு’ என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் பிளஸ் டூ வழிகாட்டிப் பக்கத்தில், உசிலம்பட்டிப் பக்கத்து அப்பா ஒருவர் தன் மகளை இயற்கை மருத்துவம் படிக்க வைக்கலாமா என்று கேட்டிருந்தார். பதில் நான்கு வரி. நீட் தேவையில்லை, ஐந்தரை வருடம், சென்னையில் அரசுக் கல்லூரி இருக்கிறது, படித்தால் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ளலாம். அந்த நான்கு வரியில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அதை மட்டும் வைத்து ஒரு பெண்ணின் பிழைப்பை முடிவு செய்ய முடியாது என்பதால், அதே படிப்பைப் படித்துவிட்டு சோழவந்தானில் வைத்தியம் பார்த்துக்கொண்டு, வாரத்தில் இரண்டு நாள் கல்லூரியில் பாடமும் நடத்துகிற நான் இதை எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், மாத்திரையைப் பற்றி எழுதியிருக்கும் பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் அரும்பாக்கம் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியில் 2004-இல் சேர்ந்தேன். கல்லூரி தொடங்கியதே 2000-இல்தான். படிப்பு ஐந்தரை வருடம் என்பதால் நான் சேரும்போது அங்கே படித்து முடித்து வெளியே வந்தவர் என்று கை காட்ட ஒருவர்கூட இல்லை. என்ன வேலை கிடைக்கும், எங்கே கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் வெற்றிலைக் கொடிக்கால், அப்பாவுக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. சித்தப்பாதான், “இதுக்கு மாட்டு டாக்டருக்குப் படிச்சாலாவது ஊருக்குள்ள வேலை இருக்கும்ணே” என்று அப்பாவிடம் சொன்னார். கேலியாகச் சொல்லவில்லை, கவலையில்தான் சொன்னார். அப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் பணத்தைக் கட்டினார்.

இலை தழை, ஆசனம், மூலிகைச் சாறு என்று நினைத்துக்கொண்டு போனவளை முதல் மாதமே பிணத்துக்கு முன்னால் நிறுத்தினார்கள். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், அடுத்த வருடம் நோயியல், நுண்ணுயிரியல், அதற்கு மேலே நீர் சிகிச்சை, உண்ணாநோன்பு, உணவு சிகிச்சை, மசாஜ், யோகா, அக்குபஞ்சர், மகப்பேறு, அவசர சிகிச்சை என்று நீண்டுகொண்டே போகும். கடைசியில் ஒரு வருடம் பயிற்சி மருத்துவர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீட் இல்லை, அதனால் சுலபம் என்று நினைத்து வருகிற பிள்ளைகளில் சிலர் முதல் வருடத்திலேயே தடுமாறிப் போவதை ஒரு ஆசிரியையாக வருடா வருடம் பார்க்கிறேன். நுழைவுத் தேர்வு இல்லையே தவிர, உள்ளே எதுவும் சுலபம் இல்லை.

அப்புறம் முக்கியமான ஒன்று. இந்தப் படிப்பு படித்தவர் மருந்துச் சீட்டு எழுத மாட்டார். எழுதவும் கூடாது. ஓமியோபதி படித்தவர் ஆங்கில மருந்து கொடுத்து நோயாளி இறந்துபோன ஒரு வழக்கில், பயிற்சி இல்லாத முறையில் வைத்தியம் பார்ப்பதே கவனக்குறைவுதான் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. எங்களுக்கும் அது பொருந்தும். ஆகவே எங்கள் கையில் இருப்பது தண்ணீர், மண், வெயில், சாப்பாடு, பட்டினி, மூச்சு, கை அழுத்தம், இவற்றோடு வாய்ப் பேச்சு. இதில் வாய்ப் பேச்சுதான் பாதிக்கு மேல். அதனால்தான் அந்த உசிலம்பட்டி அப்பாவிடம் நான் முதலில் கேட்க நினைப்பது, உங்கள் மகளுக்கு மார்க் எவ்வளவு என்பதை அல்ல. சொன்னதையே சலிக்காமல் பத்துத் தடவை சொல்லிக்கொடுக்கிற பொறுமை அவளுக்கு உண்டா என்பதை. எங்கள் வேலை பாதி வைத்தியர் வேலை, பாதி வாத்தியார் வேலை. வாத்தியார் வேலை பிடிக்காதவர்கள் இதில் ரொம்பக் கஷ்டப்படுவார்கள்.

உதாரணம் சொல்கிறேன். பூ கட்டுகிற ஒரு பாட்டி என்னிடம் வருகிறார், வயது எழுபதுக்குப் பக்கம். முழங்கால் வலி. காலை நாலு மணியிலிருந்து தரையில் உட்கார்ந்து மல்லிகை கட்டுவது, நாற்பது வருடப் பழக்கம். முதல் தடவை நான் காலைப் பிடித்துப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, வெந்நீர் ஒத்தடம் எப்படி, எத்தனை நிமிடம், நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி இறுக்கும் பயிற்சி எப்படி, சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்துவது எப்படி, தரையை விட்டுவிட்டு ஒரு உயரமான முக்காலியில் உட்கார்ந்து கட்டினால் என்ன ஆகும் என்றெல்லாம் முக்கால் மணி நேரம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஏன் தாயி, ஒரு ஊசிகூடப் போட மாட்டியா?” என்றார். வெளியே போய் மகளிடம், மருந்தே தராதவளுக்கு எதுக்கு நூத்தம்பது ரூபாய் என்று கேட்டதும் என் காதில் விழுந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்த வைத்தியம் அது. ஆறு தடவை வந்த பிறகுதான் முக்காலி வாங்கினார். அதற்கு அடுத்த மாதம் பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்து, நான் சொல்ல வேண்டியதையெல்லாம் அவரே அந்த அக்காவிடம் சொல்லிக்கொடுத்தார். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் முதல் சம்பளத்தில்கூட இருந்ததில்லை.

முதல் சம்பளம் 2010-இல் பன்னிரண்டாயிரம் ரூபாய். மலைப்பக்கம் ஒரு தனியார் இயற்கை மருத்துவ நிலையம், பெயர் வேண்டாம். பணம் உள்ளவர்கள் பத்து நாள் தங்கி உடம்பைக் குறைத்துக்கொண்டு போவார்கள். அங்கேதான் என் வாழ்க்கையின் மோசமான நாள் நடந்தது. ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவருக்கு மூன்று நாள் பழச்சாறு நோன்பு எழுதிக்கொடுத்தேன். சுகர் இருக்கிறது என்று எழுதியிருந்தார், நானும் பார்த்தேன். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்கவில்லை. அவர் தினமும் போடும் கிளிமிபிரைடு மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளும். வயிற்றில் சாப்பாடு இல்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி விழுந்தார். சுகர் 48. குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்தோம், நல்லவேளை விழுங்க முடிந்தது, பிழைத்துக்கொண்டார். அவர் மறுநாள் எனக்கே ஆறுதல் சொன்னார். நான் அந்த ராத்திரியை இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து யாராக இருந்தாலும், நோன்பு என்ற சொல்லை எடுக்கும் முன் மாத்திரைப் பையை மேஜையில் கொட்டச் சொல்கிறேன். ஒவ்வொரு அட்டையையும் திருப்பிப் படிக்கிறேன். மாணவர்களுக்கு நான் நடத்தும் முதல் பாடமும் அதுதான். இந்தச் சம்பவத்தை ஒளிக்காமல் வகுப்பில் சொல்கிறேன்.

இதே மாதிரி இன்னொன்று இளநீர். எங்கள் ஊர்ப்பக்கம் தென்னை அதிகம், உடம்புக்கு முடியவில்லை என்றால் இரண்டு இளநீரைச் சீவிக்கொண்டு போவதுதான் மரியாதை. ஆனால் சிறுநீரகம் கெட்டவருக்கு இளநீரில் இருக்கும் பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறி இதயத்தையே நிறுத்திவிடும். இயற்கையானது, அதனால் கெடுதல் இல்லை என்ற பேச்சு எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். கருப்பட்டியும் அப்படித்தான். கருப்பட்டி போட்ட காபி சுகரை ஏற்றாது என்று சொல்லிக்கொண்டு தினமும் நாலு டம்ளர் குடிக்கிறவர்கள் மதுரை முழுக்க இருக்கிறார்கள். ஏற்றும். குதிரைவாலிச் சோறு நல்லதுதான், பேரையூர், டி.கல்லுப்பட்டி மானாவாரிக் காட்டில் விளைகிற அருமையான தானியம், அரிசியை விட நார்ச்சத்து கூடுதல், ஆனால் அதுவும் மாவுச்சத்துதான், மூன்று தட்டு சாப்பிட்டால் அதுவும் சுகரை ஏற்றும். இதையெல்லாம் சொல்ல வேண்டியவர்கள் இயற்கை மருத்துவர்கள்தான். நாங்கள் சொன்னால்தான் ஜனங்கள் நம்புவார்கள்.

இனி நான் வெட்ட வேண்டாம் என்று கேட்ட பகுதி.

வாடிப்பட்டிப் பக்கத்துப் பையன், பத்தொன்பது வயது. சின்ன வயதிலேயே வருகிற சர்க்கரை நோய், அதாவது அவன் உடம்பில் இன்சுலின் சுரப்பே இல்லை, ஊசி போட்டுத்தான் ஆக வேண்டும். ஒரு மண்டபத்தில் யாரோ நடத்திய மூன்று நாள் முகாமுக்கு அவன் அம்மா கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஊசி விஷம், நிறுத்துங்கள், முளைகட்டிய பயறும் பச்சைக் காய்கறியும் போதும் என்று மேடையில் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் டாக்டருக்குப் படித்தவர் இல்லை. நிறுத்திய நான்காம் நாள் வாந்தி. ‘இயற்கை டாக்டர்’ என்று என் போர்டைப் பார்த்துவிட்டு என்னிடம் தூக்கி வந்தார்கள். மூச்சு ஆழமாக, வேகமாக வாங்கியது, மூச்சில் அழுகிய பழ வாடை. நான் எந்த வைத்தியமும் செய்யவில்லை. 108-க்குப் போன் போட்டு மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன், வண்டியில் நானும் ஏறினேன். ஐந்து நாள் கழித்துப் பிழைத்து வந்தான். இன்றைக்கு ஊசியும் போடுகிறான், காலையில் என்னிடம் வந்து மூச்சுப் பயிற்சியும் செய்கிறான்.

ஆசிரியர் அவர்களே, இன்சுலினையோ, வலிப்பு மாத்திரையையோ, காசநோய் மாத்திரையையோ, இதய மாத்திரையையோ, தைராய்டு மாத்திரையையோ நிறுத்தச் சொல்லும் ஆள் யாராக இருந்தாலும், அவர் என்ன பட்டம் போட்டிருந்தாலும், அவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள் என்று தயவுசெய்து பெரிய எழுத்தில் போடுங்கள். மருந்தைக் குறைப்பது உண்டு. உடம்பு குறைந்து, சாப்பாடு மாறி, சுகர் கட்டுக்குள் வரும்போது மாத்திரை அளவு குறையும். ஆனால் அதைக் குறைக்க வேண்டியவர் அதை எழுதிக்கொடுத்த மருத்துவர். நான் அவருக்கு ஒரு கடிதம் எழுதி நோயாளியின் கையில் கொடுத்து அனுப்புவேன், அவ்வளவுதான் என் வேலை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோயைக் குணமாக்குவோம், புற்றுநோயைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் வருடச் சட்டப்படியே குற்றம், அந்தச் சட்டத்தின் பட்டியலில் இந்த நோய்கள் இருக்கின்றன. அப்படியும் நாளிதழ்களில் அந்த மாதிரி விளம்பரம் வருவதைப் பார்க்கிறேன். உங்கள் இதழிலும் பார்த்தேன். எங்கள் தொழிலுக்கு வரும் கெட்ட பெயரில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

காந்தியின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் பலர் இந்தத் தப்பைச் செய்கிறார்கள். மதுரைக்காரர்களுக்குக் காந்தி என்றால் மேலமாசி வீதி, 1921 செப்டம்பரில் இங்கேதான் அரை வேட்டிக்கு மாறினார். அதற்கும் முன்பே, தென்னாப்பிரிக்காவில் இருக்கும்போதே, ஈர மண்ணைத் துணியில் பரப்பி வயிற்றில் வைக்கும் மண் பட்டியையும், ஜெர்மனியின் லூயி கூனே சொன்ன, தொட்டித் தண்ணீரில் இடுப்பு மூழ்க உட்காரும் இடுப்புக் குளியலையும் தன் உடம்பிலும் வீட்டார் உடம்பிலும் செய்து பார்த்தவர் அவர். 1945 நவம்பர் 18-இல் புனேயில் இயற்கை மருத்துவத்துக்கான அறக்கட்டளைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார், அந்த நாளைத்தான் 2018-இலிருந்து தேசிய இயற்கை மருத்துவ நாளாகக் கொண்டாடுகிறோம். அடுத்த வருடமே உருளிகாஞ்சன் கிராமத்தில் ஏழைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கினார். எல்லாம் சரி. ஆனால் அதே காந்திக்கு 1924 ஜனவரியில் எரவாடா சிறையில் குடல்வால் வீங்கி வலி வந்தபோது, புனே சாசூன் மருத்துவமனையில் கர்னல் மேடாக் என்ற வெள்ளைக்கார சர்ஜன்தான் அறுவை சிகிச்சை செய்தார். நடுவில் விளக்கு அணைந்துபோய் லாந்தர் வெளிச்சத்தில் முடித்தார்கள். காந்தி மண் பட்டி போட்டுக்கொண்டு படுத்திருக்கவில்லை. நவம்பர் 18 அன்று நான் மாணவர்களுக்குச் சொல்வது இந்தக் கதையைத்தான்.

இனி வாத்தியார் பகுதிக்கு வருகிறேன். 2014-இலிருந்து ஒரு தனியார் கல்லூரியில் நீர் சிகிச்சையும் உணவு சிகிச்சையும் நடத்துகிறேன். எந்த ஊர் என்று வேண்டாம். புத்தகத்தில் குளிர்ந்த இடுப்புக் குளியலுக்குத் தண்ணீர் 18 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், பத்திலிருந்து இருபது நிமிடம் என்று இருக்கும். கத்திரி வெயிலில் மதுரையில் சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீர் கையைச் சுடும். அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். ஐஸ் கட்டி வாங்கலாம் மேடம் என்பார்கள். பேரையூர்ப் பக்கத்து வீட்டில் ஐஸுக்கு எங்கே போவது? ராத்திரியே மண்பானையில் ஊற்றி வைத்து விடியற்காலையில் எடுக்க வேண்டும், அதுவும் அந்த 18 டிகிரிக்கு வராது, ஆனால் உடம்புச் சூட்டை விட நன்றாகக் குறைந்திருக்கும், அது போதும். மண்ணும் அப்படித்தான். எங்கள் அப்பத்தா காலத்தில் கண்மாய்க் கரம்பையை, அதாவது கண்மாயில் படியும் வண்டல் களிமண்ணைக் கொண்டுவந்து தலைக்குத் தேய்த்துக் குளித்தார்கள். அந்தக் கரம்பை வயிற்றுப் பட்டிக்கு அருமையாக இருக்கும், ஈரத்தை நெடுநேரம் பிடித்து வைக்கும். ஆனால் மேல் மண்ணை எடுக்கக் கூடாது, மருந்தடிக்கிற வயலை ஒட்டி எடுக்கக் கூடாது, மூன்று நான்கு அடி ஆழத்திலிருந்து எடுத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, சலித்து, முந்தின நாளே ஊறவைக்க வேண்டும். இதைப் பரீட்சைத் தாளில் எழுதினால் நான் மார்க் போட மாட்டேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வர வேண்டும். தான் ஒரு நாள் பட்டினி இருந்து பார்க்காமல், தான் அந்த இடுப்புக் குளியல் தொட்டியில் உட்கார்ந்து பார்க்காமல் அடுத்தவருக்கு எழுதக் கூடாது என்பது என் வகுப்பில் கண்டிப்பு.

உணவுப் பட்டியல் என்று சொன்னால் பிள்ளைகள் செல்போனைப் பார்த்து பிராக்கோலி, அவகாடோ, ஓட்ஸ் என்று எழுதுவார்கள். நான் நூறு ரூபாயைக் கையில் கொடுத்து வாரச்சந்தைக்கு அனுப்புவேன். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாள் காய்கறி வாங்கி வர வேண்டும், மிச்சக் காசு இருக்கக் கூடாது, கடனும் இருக்கக் கூடாது. முருங்கைக் கீரை, சுரைக்காய், வெள்ளரி, கொத்தவரங்காய் என்று திரும்பி வருவார்கள். அப்போதுதான் சுமை தூக்குகிறவரிடமும் தறி ஓட்டுகிறவரிடமும் என்ன பேச வேண்டும் என்று புரிகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு வேலை முடிந்து புரோட்டா சால்னா மட்டுமே கிடைக்கிற ஊரில் இருக்கிற ஆளிடம், ஏழு மணிக்குள் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தால் அது வைத்தியம் ஆகாது. மூன்று புரோட்டாவை ஒன்றாக்கி, இரண்டு முட்டையும் வெங்காயமும் சேர்த்துக்கொள்ளச் சொன்னால் அவர் கேட்பார்.

பாடத்திட்டத்தில் எனக்கு உடன்பாடு இல்லாததும் உண்டு. கருவிழியைப் பார்த்து உள்ளுறுப்பு நோயைச் சொல்வது என்று ஒரு பகுதி இருக்கிறது. 1979-இல் அமெரிக்காவில் 143 பேரின் கண் படங்களைக் கொடுத்து, இவர்களில் யாருக்குச் சிறுநீரகக் கோளாறு என்று அந்த முறையில் தேர்ந்தவர்களையே சொல்லச் சொன்னார்கள், சொல்ல முடியவில்லை. நான் அந்தப் பாடத்தை நடத்துகிறேன், அந்த ஆய்வையும் அதே வகுப்பில் நடத்துகிறேன். பரீட்சைக்குப் படியுங்கள், நோயாளியிடம் ரத்தப் பரிசோதனை எடுங்கள் என்கிறேன். சக ஆசிரியர்கள் சிலருக்கு என் மேல் வருத்தம். இருக்கட்டும். எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று நாமே பிரித்துச் சொல்லாவிட்டால் வெளியே இருப்பவர்கள் எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

வேலை செய்வதற்குச் சாட்சி இல்லாமல் இல்லை. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று வருடம் போலக் கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். நடையும் சாப்பாட்டு மாற்றமும் மட்டும் சொல்லிக்கொடுக்கப்பட்டவர்களில், ஒன்றும் சொல்லாமல் விடப்பட்டவர்களை விட 28 சதவீதம் போல நோய் குறைந்தது. மெட்பார்மின் என்ற சுகர் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் போல. இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததில் கூடுதல் லாபம் இல்லை. செய்தவர்கள் ஆங்கில மருத்துவர்கள், இயற்கை மருத்துவர்கள் அல்ல, அதனால்தான் இதை நான் தைரியமாகச் சொல்கிறேன். 2023-இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சுகர் என்றும், இன்னும் 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் விளிம்பில் நிற்கிறார்கள் என்றும் கணக்குச் சொன்னது. அந்த 13 கோடிப் பேருக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசுகிற ஆள். பெரியாஸ்பத்திரி புறநோயாளிப் பிரிவில் நாள் முழுக்க வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும்போது அந்த டாக்டருக்கு மூன்று நிமிடம் கிடைத்தாலே அதிகம், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்கென்றே படித்த பிள்ளைகள் ஐந்தரை வருடம் முடித்துவிட்டு என்ன செய்கிறார்கள் தெரியுமா? என்னிடம் படித்தவர்களில் பலர் கேரளத்து ரிசார்ட்டில் மசாஜ் பிரிவில், வளைகுடா நாடுகளில் ஸ்பாவில், சென்னையில் ஜிம்மில். நல்ல சம்பளம், நான் தடுக்கவில்லை, வீட்டுக் கடன் இருக்கிறது அவர்களுக்கு. ஆனாலும் மனசு வலிக்கிறது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு நடக்கிறது, நானே ஆட்களை அனுப்புகிறேன். ஆனால் அது சோழவந்தானிலிருந்து பஸ் ஏறிப் போக வேண்டிய இடம். மக்களைத் தேடி மருத்துவம் 2021-இலிருந்து வீட்டு வாசலுக்கே வந்து பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கிறது, நல்ல திட்டம், அதே வாசலில் மாதம் ஒரு தடவை சாப்பாட்டையும் நடையையும் பற்றிப் பேசுகிற ஆளும் வரட்டுமே. ஒவ்வொரு வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு இயற்கை மருத்துவர், வாரத்தில் இரண்டு நாள் அவர் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போக வேண்டும். தென் மாவட்டங்களைப் பாருங்கள். சித்தாவுக்குப் பாளையங்கோட்டை, ஆயுர்வேதத்துக்கு நாகர்கோவில், ஓமியோபதிக்கு நம் திருமங்கலம் என்று அரசுக் கல்லூரி இருக்கிறது. இயற்கை மருத்துவத்துக்கு அரும்பாக்கமும் செங்கல்பட்டும்தான். உசிலம்பட்டிப் பெண் அரசுக் கட்டணத்தில் படிக்க வேண்டுமென்றால் நானூறு கிலோமீட்டருக்கு மேல் தாண்டித்தான் போக வேண்டும்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் வறட்டு விஷயம்தான், ஆனால் இதுதான் அஸ்திவாரம். ஆயுர்வேதம், சித்தா போன்ற முறைகளுக்கெல்லாம் சேர்த்து அரசு வைத்திருக்கும் ஆயுஷ் என்ற பெயரில் இரண்டாவதாக இருப்பதே யோகாவும் இயற்கை மருத்துவமும்தான். ஆனால் 2020-இல் இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தபோது ஆயுர்வேதம், யுனானி, சித்தா, திபெத்திய மருத்துவமான சோவா-ரிக்பா நான்கையும் சேர்த்துக்கொண்டு எங்களை வெளியே விட்டுவிட்டார்கள். ஓமியோபதிக்குத் தனி ஆணையம் கிடைத்தது. எங்களுக்கு நாடு முழுவதற்குமான சட்டப்படியான ஆணையம் கிடைக்கவில்லை. இதன் விளைவு என்னவென்றால், ஐந்தரை வருடம் பிணத்தை அறுத்துப் படித்தவரும், மண்டபத்தில் மூன்று நாள் முகாம் முடித்துச் சான்றிதழ் வாங்கியவரும் ஒரே தெருவில் ஒரே மாதிரி போர்டு மாட்டலாம். ஜனங்களுக்கு வித்தியாசம் தெரிய வழி இல்லை. பட்டம் இல்லாமல் இந்த மருத்துவத்தை வளர்த்த பெரியவர்கள் உண்டு, புதுக்கோட்டை லட்சுமண சர்மாவைப் போல. அவர்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அவர்கள் போட்ட பாதையில்தான் நாங்கள் நடக்கிறோம். நான் சொல்வது இன்சுலினை நிறுத்தச் சொல்லும் ஆட்களை.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போகிறேன், சம்பளம் இல்லை, தலைமை ஆசிரியை கேட்டார், போகிறேன். பெண் பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கண்ணை விரித்துப் பார்த்தாலே வெளுத்திருக்கும். வாரம் ஒரு தடவை கொடுக்கிற இரும்புச் சத்து மாத்திரையை ஜன்னல் வழியே எறிந்துவிடுவார்கள், வயிற்றைப் பிரட்டுகிறதாம். அவர்களிடம், மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்கள், போட்ட ஒரு மணி நேரத்துக்கு டீ குடிக்காதீர்கள், டீ இரும்பை உடம்பில் சேரவிடாது, முருங்கைக் கீரையில் எலுமிச்சை பிழியுங்கள் என்று சொல்கிறேன். ஒரு பிள்ளை எழுந்து, “நீங்க இயற்கை டாக்டர்தானே மிஸ், நீங்களே மாத்திரை போடச் சொல்றீங்க?” என்று கேட்டது. ஆமாம்மா, உனக்கு இப்போது ரத்தம் வேண்டும், கீரை மட்டும் அதைச் சரிசெய்ய ரொம்ப நாள் ஆகும், இரண்டையும் சாப்பிடு என்றேன். மூன்று மாதம் கழித்து அதே பிள்ளை வந்து, மாடிப்படி ஏறினால் இப்போது மூச்சு வாங்கவில்லை மிஸ் என்றது.

சம்பளத்தைப் பற்றி அந்த அப்பா கேட்பார், கேட்கத்தான் வேண்டும். உள்ளதைச் சொல்கிறேன். சோழவந்தானில் நான் போர்டு மாட்டிய முதல் வருடம் ஒரு நாளைக்கு இரண்டு பேர் வந்தால் பெரிது. என் வீட்டுக்காரர் ஆசிரியர் என்பதால் தாக்குப்பிடித்தேன். நான்கு வருடம் ஆனது சொந்தக் காலில் நிற்க. இப்போது வைத்தியமும் கல்லூரியும் சேர்த்து, எங்கள் வீட்டுக்குப் போதுமான வருமானம் வருகிறது, அதற்கு மேல் இல்லை. கார் வாங்க வேண்டும், நர்சிங் ஹோம் கட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டு இதில் சேர்க்காதீர்கள். மேலே மூன்று வருட எம்.டி. படிப்பு உண்டு, கல்லூரியில் நிரந்தர ஆசிரியராக அது உதவும், படிக்க முடிந்தால் படிக்கட்டும்.

அந்த அப்பாவின் முகவரி உங்கள் அலுவலகத்தில் இருக்கும். என்னுடையதும் இந்தக் கடிதத்தின் பின்னால் எழுதியிருக்கிறேன், அச்சில் போட வேண்டாம், என் பெயரையும் போட வேண்டாம், மேலே சொன்ன பாட்டியையும் பையனையும் ஊர்க்காரர்கள் எளிதாக அடையாளம் கண்டுவிடுவார்கள். அவரிடம் மட்டும் கொடுங்கள். விண்ணப்பப் படிவம் நிரப்பும் முன் மகளை ஒரு சனிக்கிழமை இங்கே கூட்டிவரச் சொல்லுங்கள். நாள் முழுக்க ஒரு மூலையில் உட்கார்ந்து பார்க்கட்டும், நோயாளிகளிடம் பேசட்டும், பிடித்தால் சேரட்டும். காலை ஆறு மணிக்கெல்லாம் வந்துவிட வேண்டும். முந்தின நாள் ஊறப்போட்ட மண் அப்போதுதான் நன்றாகக் குளிர்ந்திருக்கும், முதல் பட்டியை அவள் கையாலேயே போடச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இயற்கை மருத்துவர்,
சோழவந்தான், மதுரை மாவட்டம்.